பழைய கான்கிரீட் தளத்தின் மேலேயே பேவர் பிளாக் பதிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வாசலில், கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே, வீடு கட்டியபோது போட்ட கான்கிரீட் தளம் கறுத்து, அங்கங்கே விரிசல் விட்டுக் கிடக்கிறது. அதை உடைத்து அள்ளிப்போட ஆகும் செலவையும் தூசியையும் நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. உடைக்காமல் அதன் மேலேயே பேவர் பிளாக் (தரையில் பதிக்கும் கான்கிரீட் கல்) பதித்தால் என்ன? தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து, இந்தக் கேள்வியும் இதை ஒட்டி வரும் மற்றக் கேள்விகளும் இங்கே.

உடைக்காமல் மேலேயே பதிக்க முடியுமா, முடியாதா?

முடியும். பார்க்கப்போனால் மண்ணின் மேல் பதிப்பதைவிட இது ஒரு வகையில் வசதி. காரின் பாரத்தைத் தாங்கும் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது; கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தும் வேலை மிச்சம்.

ஆனால் இரண்டு விஷயம் ஒத்துவர வேண்டும். ஒன்று, வாசல் மட்டம் மூன்று நான்கு இன்ச் உயர்வதற்கு இடம் இருக்கிறதா? இன்னொன்று, கல்லுக்கு அடியில் இறங்கும் தண்ணீர் வெளியே போக வழி இருக்கிறதா? முதலாவதை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு. கான்கிரீட் மேல் பதித்த கல் ஆடுகிறது, அமுங்குகிறது, மழையில் சேறு கக்குகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இரண்டாவதுதான் காரணம்.

மட்டம் எவ்வளவு உயரும்?

60 மி.மீ. கல்லும் அதன் அடியில் 30 மி.மீ. மணலும் சேர்ந்து 90 மி.மீ., அதாவது சுமார் மூன்றரை இன்ச். 50 மி.மீ. கல் என்றால் மூன்று இன்ச்சை ஒட்டி வரும். மணல் படுக்கையைக் குறைத்து உயரத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். 20 மி.மீ.க்குக் கீழே போனால் கான்கிரீட்டின் மேடுகள் கல்லின் அடியில் நேராக இடிக்கும், கல் பிளக்கும்.

அந்த மூன்றரை இன்ச் எங்கெல்லாம் தொந்தரவு தரும்?

முதலில் கேட். உள்பக்கம் திறக்கும் இரும்பு கேட்டாக இருந்தால், அடியில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இன்ச்தான் இருக்கும். கேட்டைத் தூக்கி வெல்டிங் செய்து மாட்ட வேண்டும், அல்லது அடிப்பக்கத்தை அறுக்க வேண்டும். தள்ளும் கேட் என்றால் தண்டவாளத்தையும் உயர்த்த வேண்டும்.

அப்புறம் படி. முதல் படி ஆறு இன்ச் உயரம் என்றால், வேலை முடிந்ததும் அது இரண்டரை இன்ச் ஆகிவிடும். இப்படி ஒரு படி மட்டும் குள்ளமாக இருந்தால் வயதானவர்கள் அங்கேதான் தடுக்கி விழுவார்கள். அந்தப் படியை எடுத்துவிடவோ, எல்லாப் படிகளையும் சமமாக்கவோ திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வீட்டின் தரைமட்டம். புதிய கல்லின் மேல்பரப்பு வீட்டுத் தரையைவிடக் குறைந்தது ஆறு இன்ச் தாழ்வாக இருக்கட்டும். சாலையை மேல் மேலே போட்டு உயர்த்தியதால் பள்ளமாகிப்போன வீடுகள் சென்னையில் ஏராளம். அந்த வீட்டுக்காரர்கள் வாசலையாவது சாலை மட்டத்துக்கு ஏற்றிவிடுவோம் என்று நினைப்பது இயல்பு. வாசலை ஏற்றினால் கார் சுலபமாக ஏறும். மழைத் தண்ணீரும் சுலபமாக வீட்டுக்குள் வரும். வீட்டுத் தரைக்கும் வாசலுக்கும் இப்போதே எட்டு இன்ச்தான் வித்தியாசம் என்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

பழைய தளம் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு கடப்பாரையின் தலையால் இரண்டு அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்கும் இடத்தில் அடியில் மண் இறங்கி வெற்றிடமாகியிருக்கிறது. அப்புறம், காரை மெதுவாக ஓட்டச் சொல்லி விரிசலின் இரு பக்கத்தையும் உட்கார்ந்து பாருங்கள். சக்கரம் ஏறும்போது ஒரு பக்கம் மட்டும் இறங்கி எழுகிறதா? அப்படியானால் அந்தத் துண்டு உயிரோடு அசைகிறது. அதன் மேல் எதைப் பதித்தாலும் அதுவும் அசையும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அடிமண்ணை இடித்து, புதிதாகக் கான்கிரீட் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

அசையாத மெல்லிய விரிசல்கள் பொருட்டே இல்லை. டைல்ஸ் என்றால் அடியில் உள்ள விரிசல் மேலே வந்து முகம் காட்டும். பேவர் பிளாக் தனித்தனிக் கல், நடுவில் மணல், அதனால் சின்ன அசைவை விழுங்கிக்கொள்ளும். ஒரே ஒரு கவனம்: விரிசல் வழியாகப் படுக்கை மணல் கீழே கசிந்து போகக் கூடாது. விரிசல்கள், பழைய இணைப்பு இடைவெளிகள் மேலெல்லாம் ஓர் அடி அகலத்துக்கு ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்துவிட்டு மணல் போடுங்கள். தண்ணீரை விடும், மணலைப் பிடித்துக்கொள்ளும் துணி இது. பிளாஸ்டிக் ஷீட் இதற்கு மாற்று இல்லை.

வேப்பமர வேர் தளத்தைத் தூக்கியிருந்தால் கதை வேறு. வேர் வளர்வது நிற்காது. அங்கே உடைத்துத்தான் ஆக வேண்டும்.

கல்லுக்கு அடியில் தண்ணீர் எப்படிப் போகும்? மேலே ஓடிவிடாதா?

பெரும்பகுதி ஓடிவிடும். ஆனால் கல் இடுக்கு வழியாக ஒரு பங்கு இறங்கத்தான் செய்யும், அதுவும் புதிதாகப் பதித்த முதல் ஒன்றிரண்டு வருடங்களில் நிறையவே இறங்கும். மண்ணின் மேல் பதித்த கல்லில் அந்தத் தண்ணீர் கிராவல் வழியாகக் கீழே போய்விடுகிறது. இங்கே அடியில் கான்கிரீட். சுற்றிலும் ஓரக்கல்லைக் கலவை வைத்து அடைத்தும் விட்டால், விளிம்பு வைத்த தாம்பாளத்தில் மணலைப் பரப்பித் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம்.

ஊறிய மணல்மேல் கார் ஏறும்போது தண்ணீர் அழுத்தப்பட்டு, இடுக்கு வழியாகப் பீய்ச்சி வெளியே வருகிறது. வரும்போது மணலிலுள்ள நைசான துகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இது நடந்தால், சக்கரம் போகும் இரு தடத்திலும் கல் பள்ளமாகும். மிதித்தால் சளக் சளக்கென்று சத்தம் வரும். அப்புறம் மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை.

வழி விடுவது எப்படி? பழைய தளத்துக்கே நல்ல வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, இருந்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீர் மணலுக்குள் அந்த வாட்டத்தில் மெல்ல நகர்ந்து தாழ்வான ஓரத்துக்கு வரும். அந்த ஓரத்தில் ஓரக்கல்லின் அடியில், கான்கிரீட் மட்டத்தில், இரண்டு மூன்று அடிக்கு ஒரு கசிவுத் துளை விடுங்கள். துளையின் உள்பக்கம் துணி வைத்து மணல் வெளியேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் வடிகாலோ, தோட்ட மண்ணோ இருந்தால் போதும்.

ஓரத்தில் வழியே இல்லை, நாலா பக்கமும் சுவர் என்றால், தாழ்வான வரிசையில் தளத்தையே துளையிட வேண்டும். இரண்டு இன்ச் விட்டத்தில் துளை போட்டு, அதில் கழுவிய கால் இன்ச் ஜல்லியை நிரப்பி, மேலே துணியால் மூடிவிட்டால் தண்ணீர் அடிமண்ணுக்குப் போய்விடும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழாய்க்குத் துளை போடும் கோர் கட்டிங் ஆட்கள் இதைச் செய்து தருவார்கள். துளை போடும் முன்பு சாக்கடைக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்சாரக் கேபிள், எர்த் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டித் துளை வேண்டாம். அடியில் இறுகிய களிமண் என்றால் துளை போட்டும் பெரிய பலன் இராது, அது குடிக்காது. அங்கே பக்கவாட்டில் வடிகாலுக்குக் கொண்டுபோவதுதான் வழி.

வாட்டம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பத்து அடிக்கு இரண்டிலிருந்து இரண்டரை இன்ச் இறக்கம் இருந்தால் நிம்மதி. டியூப் லெவல் வைத்து மேஸ்திரி பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இறக்கம் வீட்டைவிட்டு விலகிப் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பள்ளங்களைக் கண்டுபிடிக்க இன்னும் எளிய வழி உண்டு: நாலைந்து வாளித் தண்ணீரைக் கொட்டி, அரை மணி நேரம் கழித்துத் தேங்கியிருக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

வாட்டம் சரியில்லாவிட்டால் மணலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிடலாமா?

கூடாது. மேஸ்திரிகள் அதிகம் செய்யும் தவறு இதுதான். ஓர் இடத்தில் ஓர் இன்ச், இன்னோர் இடத்தில் மூன்று இன்ச் என்று மணல் போட்டால், வேலை முடிந்த அன்று மேலே ரசமட்டம் வைத்தாற்போல இருக்கும். தடித்த மணல் அதிகமாக இறங்கும், மெலிந்த மணல் இறங்காது. ஆறு மாதத்தில் பழைய பள்ளத்தின் நகல் மேலே தெரியும்.

பள்ளத்தைக் கான்கிரீட்டிலேயே நிரப்புங்கள். அந்த இடத்தைக் கொத்திவிட்டு, கழுவி, சிமென்ட் பால் அடித்து, சிமென்ட் கலவையால் நிரப்பி, நீராற்றுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் மேடுகளைக் கொத்தி எடுங்கள். மணல் படுக்கை எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும்.

படுக்கைக்கு எது நல்லது: எம்-சாண்ட், பி-சாண்ட், குவாரி டஸ்ட்?

குவாரி டஸ்ட் விலை குறைவு, கிடைப்பதும் எளிது, அதனால் எல்லோரும் அதைத்தான் கொட்டுகிறார்கள். மண்ணின் மேல் பதிக்கும்போதே அது அவ்வளவு உத்தமம் இல்லை. கான்கிரீட் மேல் அது வேண்டவே வேண்டாம். மாவு போன்ற தூள் நிறைய இருப்பதால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சேறாகிவிடும். பி-சாண்ட் பூச்சு வேலைக்கான நைசான மணல். அதுவும் இதற்கு ஆகாது.

கழுவிய, சொரசொரப்பான எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வாங்குங்கள். ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் தெளிந்தால் நல்ல மணல். மேலே தடித்த சேற்றுப் படலம் படிந்தால் திருப்பி அனுப்புங்கள். தண்ணீர் வடிவதில் சந்தேகம் உள்ள இடங்களில் மணலுக்குப் பதில் கால் இன்ச்சுக்கும் சின்னதான கழுவிய சிப்ஸ் ஜல்லியைப் படுக்கையாகப் போடலாம். அது தண்ணீரைத் தேக்காது. மட்டம் பிடிக்க மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மேஸ்திரி மணலில் சிமென்ட் கலந்து போட்டால் கெட்டியாக நிற்கும் என்கிறாரே?

கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். உலர்ந்த மணலில் இரண்டு மூட்டை சிமென்ட்டைத் தூவிப் புரட்டி, மேலே கல்லை அடுக்கி, தண்ணீர் தெளித்துவிட்டால் இறுகிவிடும் என்பது கணக்கு. ஆனால் அது முழுக் கலவையும் ஆகாது, வெறும் மணலாகவும் இராது. ஓர் இடத்தில் கட்டியாக இறுகும், இன்னோர் இடத்தில் உதிரியாகக் கிடக்கும். கார் ஏறி இறங்கும்போது கட்டிகள் நொறுங்கிக் கல் ஆட ஆரம்பிக்கும். நாளைக்குக் குழாய் பழுதென்று நான்கு கல்லை எடுத்தால் அதே இடத்தில் திரும்பப் பதிக்கவும் முடியாது. பேவர் பிளாக்கின் பெரிய வசதியே கழற்றி மாட்டலாம் என்பது; அதை நாமே கெடுத்துக்கொள்வானேன்?

முழுக்க முழுக்கக் கலவையில் ஒட்டிப் பதிப்பது வேறு முறை. அதில் இடுக்கையும் கலவையால் அடைத்து, வெயிலில் விரிவதற்கு இடையிடையே இடைவெளி விட வேண்டும். செய்வதானால் அப்படி முழுசாகச் செய்யலாம். நம் ஊர் வெயிலுக்கு மணல் படுக்கைதான் என் தேர்வு.

எந்தக் கல் வாங்குவது?

பேவர் பிளாக்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15658. கார் ஓடும் வீட்டு வாசலுக்கு 60 மி.மீ. கனம், எம்-35 தரம் (கான்கிரீட்டின் வலிமையைச் சொல்லும் எண்) கேளுங்கள். லாரியோ தண்ணீர் டேங்கரோ உள்ளே வரும் என்றால் 80 மி.மீ. கல் வேண்டும். மட்டம் உயர்வது மிகவும் இடிக்கிறது, அடியில் நல்ல கான்கிரீட் இருக்கிறது, வருவது கார் மட்டும்தான் என்றால் 50 மி.மீ. கல்லும் தாக்குப்பிடிக்கும். பிரிட்டனில் வீட்டு வாசல்களில் அது சாதாரணம். ஆனால் அது இயந்திரத்தில் அழுத்திச் செய்த கல்லாக இருக்க வேண்டும்.

கடைகளில் இரண்டு வகை இருக்கும். ஒன்று ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அச்சில் கலவையை ஊற்றி எடுப்பது. முகம் பளபளவென்று இருக்கும், பார்த்தவுடன் பிடித்துவிடும், மழையில் வழுக்கும். இன்னொன்று ஹைட்ராலிக் இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. முகம் சொரசொரப்பு, அளவு ஒரே சீர். வாசலுக்கு இரண்டாவதுதான் நல்லது.

தரத்தை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். நன்றாக வெயிலில் காய்ந்த கல்லை எடை போடுங்கள், 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். தர நிர்ணயப்படி சராசரி நீருறிஞ்சல் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2.7 கிலோ கல் என்றால் கூடும் எடை சுமார் 160 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாதுதான், ஆனால் மட்டமான கல்லை இது காட்டிக்கொடுத்துவிடும்.

காம்பவுண்டு சுவர் இருக்கும்போது ஓரக்கல் எதற்கு?

சுவர் இருக்கும் பக்கம் அதுவே பிடித்துக்கொள்ளும். திறந்திருக்கும் பக்கங்களில், குறிப்பாகக் கேட்டை ஒட்டிய விளிம்பில், தடுப்பு கட்டாயம். கார் திரும்பும்போது சக்கரம் கல்லைப் பக்கவாட்டில் தள்ளும்; விளிம்பு விலகினால் உள்ளே ஒவ்வொரு இடுக்கும் விரியும். பழைய கான்கிரீட்டைக் கொத்தி, கடைசி வரிசைக் கல்லையோ தனி ஓரக்கல்லையோ கெட்டிக் கலவையில் அதனோடு ஒட்டிவிடலாம். கசிவுத் துளையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எந்த அடுக்கு முறை?

செவ்வகக் கல் என்றால் மீன்முள் அடுக்கு, அதாவது கற்கள் மீன்முள் போல ஒன்றுக்கொன்று குறுக்காக வருவது. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கற்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஜிக்ஜாக் கல்லுக்கு வடிவத்திலேயே பூட்டு இருக்கிறது. சதுரக் கல்லை நேர் வரிசையில் அடுக்குவது நடைபாதைக்குப் போதும், காருக்கு வேண்டாம்.

கல்லை அமுக்கி உட்காரவைக்கும் அதிர்வு இயந்திரத்தைக் கான்கிரீட் மேல் ஓட்டினால் கல் உடையாதா?

படுக்கை ஒரே கனமாக இருந்தால் உடையாது. சின்ன இயந்திரமே போதும், தட்டின் அடியில் ரப்பர் விரிப்பு கட்டி ஓட்டச் சொல்லுங்கள். ஒருமுறை ஓட்டி, இடுக்கில் மணல் தள்ளி, மறுபடி ஓட்ட வேண்டும். கட்டையால் தட்டிவிட்டுப் போகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

இடுக்கை எதால் நிரப்புவது?

நைசான, ஈரமே இல்லாமல் காய்ந்த மணலால். இடுக்கு 2 முதல் 4 மி.மீ. இருக்கட்டும். மணல் ஈரமாக இருந்தால் மேலேயே அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நின்றுவிடும். சிமென்ட் பால் ஊற்றி அடைக்காதீர்கள். கல்லின் முகமெல்லாம் கறை படியும், சில மாதத்தில் பெயர்ந்தும் வரும். ஒரு மாதம் கழித்து மணல் இறங்கியிருக்கும், மறுபடி தூவிப் பெருக்கிவிடுங்கள்.

சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கும் இடத்துக்கு மேலும் பதிக்கலாமா?

இங்கே நிதானம் தேவை. 60 மி.மீ. கல் சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ, மணல் சுமார் 50 கிலோ. ஆக சம்ப் மூடுதளத்தின் மேல் நிரந்தரமாகச் சதுர மீட்டருக்கு 190 கிலோ கூடுகிறது. காரின் பாரம் அதற்கு மேல். அந்தத் தளம் எந்தக் கம்பி போட்டு, எத்தனை இன்ச்சில் வார்க்கப்பட்டது என்பது தெரியாமல் பதிக்க வேண்டாம், ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். சம்ப் வாயைச் சுற்றிக் கழுத்தை உயர்த்திக் கட்டி, மூடியைக் கல் மட்டத்துக்கு மேலே ஓர் இன்ச்சாவது நிறுத்துங்கள். இல்லாவிட்டால் படுக்கை மணலில் ஊறும் அழுக்குத் தண்ணீர் நேரே குடிநீரில் போய்ச் சேரும். சாக்கடைத் தொட்டி மூடிகளையும் உயர்த்தியாக வேண்டும். அவற்றைக் கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டால், அடைப்பு வரும் நாளில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

400 சதுர அடிக்கு எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?

எட்டு இன்ச்சுக்கு நான்கு இன்ச் செவ்வகக் கல் சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும். 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். 1,860 கல், வெட்டுச் சேதாரம் சேர்த்து 1,950 வாங்கலாம். 30 மி.மீ. படுக்கைக்கு 40 கன அடி மணல் வரும். அழுத்தத்தில் குறைவதையும் சேர்த்து அரை யூனிட் (50 கன அடி) சொல்லிவிடுங்கள். கற்கள் மட்டும் ஐந்து டன்னுக்கு மேல் எடை. லாரி எங்கே நிற்கும், எங்கே இறக்கி அடுக்குவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

பதித்த சில வாரங்களில் கல்லில் வெள்ளையாகப் பூக்கிறதே?

சிமென்ட்டிலிருந்து வரும் சுண்ணாம்பு உப்பு. கெடுதல் இல்லை, நாளடைவில் மழையிலும் சக்கரத்திலும் போய்விடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால் அங்கே அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். ஆசிட் ஊற்றிக் கழுவும் முன்பு அதைக் கவனியுங்கள்.

கான்கிரீட் மேல் பதிப்பதால் புல், எறும்பு வராதல்லவா?

வரும். புல் கீழிருந்து முளைப்பதில்லை. காற்றில் வரும் விதை இடுக்கு மணலில் விழுந்து முளைக்கிறது. எறும்பும் மேலிருந்தே மணலைத் தோண்டி வெளியே கொட்டும். இடுக்கில் மணல் குறையாமல் பார்த்துக்கொண்டால் இரண்டும் மட்டுப்படும்.

இதனால் மழைநீர் நிலத்தில் இறங்குமா?

பெரிதாக இறங்காது, அடியில் கான்கிரீட் அப்படியே இருக்கிறதே. தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பேவர் பிளாக் போட்டுவிட்டோம், அது உறிஞ்சிக்கொள்ளும் என்று இந்த வேலையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தாழ்வான ஓரத்தில் கம்பி மூடி போட்ட வடிகால் ஒன்றை எடுத்து, கசிவுநீர்க் குழிக்கு விட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

உயரத்துக்கு இடமே இல்லை. என்ன செய்யலாம்?

பார்க்கிங் டைல்ஸைப் பாருங்கள். பசையில் ஒட்டினால் ஓர் இன்ச்சுக்குள் முடிந்துவிடும். ஆனால் தளம் விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும், சொரசொரப்பான முகம் உள்ளதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் சரிவரவில்லை என்றால் உடைத்துப் புதிதாகப் போடுவதுதான். உடைத்த கான்கிரீட்டைச் சின்னதாக நொறுக்கி அடித்தளத்துக்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் செய்வது?

வடகிழக்குப் பருவமழை விட்டபின், ஜனவரியிலிருந்து. மணல் காய்ந்திருக்கும், இடுக்கு நன்றாக நிரம்பும். அக்டோபரில் தொடங்கினால் பாதி வேலையில் மழை பிடித்துக்கொள்ளும். அப்படி நடந்துவிட்டால், நனைந்த படுக்கையின் மேல் அவசரமாகக் கல் அடுக்க விடாமல், மணலை வாரி எடுத்துக் காயவைத்து மறுபடி பரப்பச் சொல்லுங்கள். கூலி ஒரு நாள் கூடும், பரவாயில்லை.